மூக்கிலா, வாலிலா: மூன்றாவது சக்கரம் எங்கே இருக்கும் விமானத்தை வாங்குவது?

டாலஸ் பக்கத்தில் வசிக்கும் நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டு ஒரு பழைய சின்ன விமானம் வாங்கலாம் என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று பேரிடமும் தனியார் விமானி உரிமம் இருக்கிறது. மூன்று பேரும் கற்றது செஸ்னா 172-இல்தான்: மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம், அதற்குப் பின்னால் இரண்டு. எங்களில் இளையவனுக்கு வால்சக்கர விமானம்தான் வேண்டும். "அண்ணே, 172 ஓட்டுறதும் கேம்ரி கார் ஓட்டுறதும் ஒண்ணுதான்" என்பது அவன் கட்சி. மூத்தவர் 'கிரவுண்ட் லூப்' என்ற ஒரே சொல்லைச் சொல்லி அவன் வாயை அடைத்துவிடுவார். வால்சக்கரப் பயிற்சியை முடித்தவன் நான் ஒருவன்தான். அதில் ஒரு முறை ஏறக்குறையச் சுழன்றும் பார்த்தவன் என்பதால், எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

தரையில் ஓடிக்கொண்டிருக்கும் விமானம் தன் பாட்டுக்கு ஒரு பக்கமாகத் திரும்பத் தொடங்கி, அந்தத் திருப்பம் இறுகி இறுகி, கடைசியில் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கிரவுண்ட் லூப். மெதுவாக நடந்தால் புல்தரையில் கொஞ்சம் வெட்கத்தோடு முடிந்துவிடும். வேகத்தில் நடந்தால் வெளிப்பக்க இறக்கை முனை தரையில் உரசும், வெளிப்பக்கச் சக்கரக்கால் மடங்கும், ப்ரொப்பெல்லர் தரையை வெட்டும். ப்ரொப்பெல்லர் தட்டிவிட்டால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும். ஆள் பெரும்பாலும் நடந்தே வெளியே வந்துவிடுவார். பணம்தான் போகும்.

கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடக்கும் விஷயமும் அல்ல இது. 1937 மார்ச் 20 அன்று ஹவாயில், பேர்ல் ஹார்பருக்கு நடுவில் இருக்கும் ஃபோர்டு தீவின் லூக் ஃபீல்டிலிருந்து அமெரிக்க விமானி அமீலியா இயர்ஹார்ட் உலகைச் சுற்றும் பயணத்தின் இரண்டாம் கட்டத்துக்குக் கிளம்பினார். எரிபொருளை நிறையச் சுமந்திருந்த லாக்ஹீட் எலெக்ட்ரா மேலெழும் ஓட்டத்திலேயே சுழன்று, சக்கரக்கால் மடங்கி, வயிற்றால் சறுக்கி நின்றது. டயர் வெடித்ததா, இரண்டு எஞ்சின்களின் த்ராட்டிலைச் சமமில்லாமல் கையாண்டதா என்று இன்றும் வாதாடுகிறார்கள். யாருக்கும் காயமில்லை. விமானத்தைக் கப்பலில் ஏற்றிக் கலிஃபோர்னியாவின் பர்பேங்குக்கு அனுப்பினார்கள். பழுது பார்த்து முடிப்பதற்குள் மேற்கே பறக்க இருந்த பயணம் கிழக்கே பறப்பதாக மாறியது. அந்த இரண்டாவது முயற்சியில்தான் ஜூலை 2 அன்று அவர் பசிபிக்கில் காணாமல் போனார்.

கனம் பின்னால் இருந்தால் என்ன ஆகும்?

ஷட்டில் காக்கை இறகுப் பக்கம் முன்னால் வரும்படி வீசிப் பாருங்கள். பாதி வழியிலேயே புரண்டு, கனமான கார்க் பக்கம் முன்னால் வந்துவிடும். கனம் முன்னால் போகத்தான் விரும்பும், இழுத்துப் பிடிக்கும் பகுதி பின்னால் தொங்கத்தான் விரும்பும். வால்சக்கர விமானத்தில் இது தலைகீழாக இருக்கிறது. தரையைப் பற்றிக்கொள்ளும் இரண்டு பெரிய சக்கரங்கள் முன்னால், மொத்த எடையின் மையம் அவற்றுக்குப் பின்னால். அந்த எடைமையம் முன்னே வர எப்போதும் ஒரு சாக்குத் தேடிக்கொண்டே இருக்கிறது.

சாக்கு எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். விமானம் நேராக ஓடுகிறது. ஏதோ ஒரு காரணத்தால் மூக்கு இடப்பக்கம் ஐந்து டிகிரி திரும்புகிறது. உடம்பு இன்னும் பழைய திசையில்தான் போகிறது. ஆனால் டயர்கள் இடப்பக்கம் பார்க்கின்றன, ஆகவே கொஞ்சம் வலப்பக்கமாகச் சறுக்குகின்றன. அதை எதிர்த்துத் தரை அவற்றை இடப்பக்கம் தள்ளுகிறது. தள்ளும் இடம் எடைமையத்துக்கு முன்னால் இருப்பதால் மூக்கு இன்னும் இடப்பக்கம் போகிறது. போனால் சறுக்கல் கூடும். சறுக்கல் கூடினால் தள்ளும் விசையும் கூடும். கடன் வட்டி குட்டி போடுவது போல இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

மூக்குச்சக்கர விமானத்தில் அதே ஐந்து டிகிரி, அதே தள்ளல். ஆனால் பெரிய சக்கரங்கள் எடைமையத்துக்குப் பின்னால் இருப்பதால் அந்தத் தள்ளல் வாலை இடப்பக்கம் ஒதுக்கி, மூக்கைத் தானாக நேராக்கிவிடும். நம் தவறை விமானமே திருத்திக்கொள்கிறது. 172-இல் இருநூறு மணி நேரம் பறந்தவர் தன் கால்கள் நன்றாக வேலை செய்கின்றன என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் வேலை செய்தது சக்கரங்கள் இருக்கும் இடம்.

இன்னொன்று, திருப்பம் இறுகும்போது எடைமையம் வெளிப்பக்கம் எறியப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 40 மைலில் தரை தொடுவதையும் 60 மைலில் தொடுவதையும் ஒப்பிட்டால் வேகம் ஒன்றரை மடங்குதான், அடக்க வேண்டிய ஆற்றல் 2.25 மடங்கு. எடைமையம் சக்கரங்களைவிட உயரத்தில் இருப்பதால் விமானம் வெளிப்பக்கம் சாய்கிறது. இறக்கை முனை உரசுவது அதனால்தான். ஓர் அளவைத் தாண்டிவிட்டால் ரடரை (மூக்கை இடவலமாகத் திருப்ப வாலில் இருக்கும், காலால் இயக்கும் தகடு) முழுக்க மிதித்தாலும், எதிர்ப்பக்க பிரேக்கை அழுத்தினாலும் மீட்க முடியாது. அந்த எல்லை ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு வேகத்துக்கும் மாறும். அதற்கு வெகு முன்பே பிடித்துவிட வேண்டும், வேறு வழி கிடையாது.

ஊரில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை போடுபவர்களை நினைவிருக்கும். தேர் ஒரு பக்கம் ஒதுங்கத் தொடங்கிய கணத்தில், மறுபக்கச் சக்கரத்துக்கடியில் கட்டையைச் செருகி நேராக்குவார்கள். தேர் ஒதுங்கிய பின் செருகினால் வேலைக்காகாது, ஒதுங்கப் போகும்போதே செருக வேண்டும். வால்சக்கர விமானியின் இரண்டு பாதங்களுக்கும் அதே வேலைதான், என்ன, தேர் நாற்பது மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் ஐந்து டிகிரியைக் கொடுப்பது யார்? பெரும்பாலும் குறுக்குக் காற்று. உடம்பின் பக்கவாட்டுப் பரப்பில் பெரும்பகுதி, முக்கியமாகச் செங்குத்து வால், சக்கரங்களுக்கு வெகு பின்னால் இருக்கிறது. காற்று அதைத் தள்ளினால் மூக்கு காற்றை நோக்கித் திரும்பும், கோபுரத்து மேல் வைத்த காற்றுத்திசைகாட்டி போல. திரும்பத் தொடங்கிவிட்டால் அதே காற்று தான் வரும் பக்கத்து இறக்கையைத் தூக்கி, ஏற்கெனவே சாயும் மறுபக்க இறக்கையை இன்னும் தரைக்குத் தள்ளும். இரண்டாவது காரணம், பக்கவாட்டு நகர்வோடு தரை தொடுவது. மேலெழும்போது வேறு கதை: வாலைத் தூக்கும் கணத்தில் சுழலும் ப்ரொப்பெல்லரின் பம்பர விளைவு மூக்கை ஒரு பக்கம் இழுக்கும். அமெரிக்க எஞ்சின்களில் இடப்பக்கம். டைகர் மாத் என்ற பழைய பிரிட்டிஷ் விமானத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றுவதால் அதில் வலப்பக்கம்.

என் கதை: பயிற்சியின் ஏழாவது மணி நேரம், தார் ரன்வே, இடப்பக்கத்திலிருந்து மிதமான காற்று. அருமையாக இறக்கிவிட்டேன். ஆள் ஓடும் வேகத்துக்குக் குறைந்ததும் வேலை முடிந்ததென்று கையை ரேடியோ பக்கம் கொண்டுபோனேன், கால்கள் தாமாகத் தளர்ந்தன. மூக்கு இடப்பக்கம் நகர்ந்தது. தாமதமாக வலது பெடலை மிதித்தேன், பயத்தில் மிதித்தபடியே இருந்துவிட்டேன். விமானம் நேரானது, நேரானதோடு நிற்காமல் வலப்பக்கம் பாய்ந்தது. பயிற்றுநர் இடது பெடலை ஒரு குத்துக் குத்தி, த்ராட்டிலை ஒரு நொடி திறந்து வாலுக்குக் காற்றுக் கொடுத்தார். புல்லில் இறங்கி நின்றோம். ஒன்றும் உடையவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான்: வேகம் குறையக் குறைய ரடரின் பலமும் குறைகிறது, அப்போதுதான் கால் இன்னும் அதிகமாக ஆட வேண்டும். மிதி, உடனே விடு, மறுபடி மிதி. மிதித்து வைத்திருக்காதே.

அப்படியானால் இதை எதற்குச் செய்தார்கள்?

அந்தக் காலத்து விமானிகள் எல்லாரும் மகா கெட்டிக்காரர்கள் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி மைதானம். 1920-களில் விமான நிலையம் என்பது ஒரு பெரிய புல்வெளி. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அந்தப் பக்கம் பார்த்து இறங்கலாம், குறுக்குக் காற்று என்ற தொல்லையே பெரிதாக இல்லை. வாலில் சக்கரம்கூட இல்லை, ஒரு கட்டை அல்லது இரும்புத் துண்டு புல்லைக் கீறிக்கொண்டே வந்து நங்கூரம் போல வாலைப் பின்னால் பிடித்து வைத்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபால் சேவையை அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தாரே, அந்தப் புஸ் மாத் விமானத்துக்கும் அடிப்படை அமைப்பு இதுதான்: பெரிய சக்கரங்கள் முன்னால், கனம் பின்னால். அப்புறம் தார் போட்டார்கள், ஒரே திசையில் ஒடுக்கமான ரன்வே போட்டார்கள். கட்டை போய்ச் சக்கரம் வந்தது. தார் டயரை விடாமல் பிடித்தது, வாலைப் பிடிக்க ஆளில்லை.

அமைப்பிலும் நியாயம் உண்டு. மூக்குச்சக்கரமும் அதன் கனத்த காலும் இல்லாததால் எடை மிச்சம், காற்றுத் தடை மிச்சம். ப்ரொப்பெல்லர் தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் கல்லிலும் மணலிலும் மேட்டிலும் இறங்கலாம். அலாஸ்காவில் ஆற்றங்கரைக் கூழாங்கல் திட்டில் இறங்குபவர்கள் இன்றும் வால்சக்கரத்தை விடாததற்கு அதுதான் காரணம். வீட்டில் கட்டிக்கொள்ளும் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி விமானங்களை இரண்டு விதமாகவும் வாங்கலாம். அவற்றில் கரடுமுரடான தரையில் மூக்குச்சக்கரக் கால் மடங்கிக் கவிழ்ந்த சம்பவங்களும் உண்டு என்பதை எங்கள் மூத்தவருக்கு இங்கே நினைவூட்டிவிடுகிறேன். மூக்குச்சக்கரத்துக்கும் தனக்கென்று ஒரு விபத்து இருக்கிறது.

ஒரே விமானம், இரண்டு விதம்

ஒப்பீடு சுத்தமாக வேண்டுமென்றால் பைப்பர் நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். 1950 வாக்கில் அவர்கள் விற்ற பேசர் நான்கு இருக்கை கொண்ட வால்சக்கர விமானம். குட்டையான உடம்பு, நெருக்கமாக அமைந்த சக்கரங்கள். தார் ரன்வேயில் முரடு என்று பேர் வாங்கியது. 1951-இல் அதே இறக்கை, ஏறக்குறைய அதே உடம்பில் வால்சக்கரத்தை எடுத்து மூக்கில் வைத்து ட்ரை-பேசர் என்று விற்றார்கள். பறக்கும் பால்கறவை முக்காலி என்று அதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. கிண்டல் ஒரு பக்கம், விற்பனை இன்னொரு பக்கம்: பேசர் ஆயிரத்துச் சொச்சம்தான் விற்றது, ட்ரை-பேசர் வகை ஒன்பதாயிரத்துக்கும் மேல். செஸ்னாவிலும் அதே கதைதான். 1948-இல் வந்த 170 வால்சக்கரத்தோடு ஐயாயிரத்துக்கும் மேல் விற்று நல்ல பேரோடு ஓய்ந்தது. அதற்கு மூக்குச்சக்கரம் வைத்த 172, 1956-ஆம் ஆண்டு மாடலாக வந்து, இன்றுவரை நாற்பத்து நான்காயிரத்தைத் தாண்டிவிட்டது. 'லேண்ட்-ஓ-மேட்டிக்' சக்கரம் என்று விளம்பரம் செய்தார்கள். பேரைப் பார்த்தாலே தெரியும், விற்றது கவலையின்மை.

இதிலேயே இன்னும் ஒரு படி போனது எர்கூப். பொறியாளர் ஃப்ரெட் வைக்கின் யோசனையில் பிறந்து 1940-இல் விற்பனைக்கு வந்த இந்த விமானத்தில் பெரும்பாலும் ரடர் பெடலே கிடையாது. குறுக்குக் காற்றில் மூக்கைக் கோணலாக வைத்தபடியே இறங்கலாம், சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் தானாக நேராகும். மேலே சொன்ன ஐந்து டிகிரிக் கணக்கை நம்பாதவர்கள் எர்கூப் இறங்குவதை ஒரு முறை பார்த்தால் போதும். அதே கோணலில் ஒரு பேசரை இறக்கினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு சான் ஆன்டோனியோவுக்குப் போய்வர வேண்டும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம்தான் பறக்கக் கிடைக்கும், நிறுத்தப் போவது ஒரே ரன்வே உள்ள தளத்தில் என்றால் பழைய 172-ஐ வாங்குங்கள், இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். வால்சக்கரக் கால் பழக்கம் புழங்காவிட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். பயணிகளை ஏற்ற வேண்டுமென்றால் கடந்த தொண்ணூறு நாளில் மூன்று முறை மேலெழுந்து இறங்கியிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் எல்லோருக்கும் விதி. வால்சக்கர விமானத்துக்கு அந்த மூன்றும் வால்சக்கர விமானத்திலேயே, முழுக்க நின்றுவிடும் இறக்கமாக இருக்க வேண்டும். தொட்டுவிட்டு உடனே எழும்பிப் போனால் கணக்கில் வராது. விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கடினமான பகுதி கடைசி நூறு அடியில்தான் என்று.

எந்த வால்?

எங்கள் தேவை இரண்டு இருக்கை, ஞாயிற்றுக்கிழமைப் பறப்பு, பக்கத்திலேயே ஒரு புல் ரன்வே. ஆகவே வால்சக்கரம் கட்சிக்கு இடம் இருக்கிறது. சந்தையில் எங்கள் பணத்துக்குக் கிடைப்பவற்றை வரிசைப்படுத்துகிறேன். வரிசைக்கு அடிப்படை ஒன்றே: தவறு செய்தபின் அதைக் கண்டுபிடித்துத் திருத்த நமக்கு எவ்வளவு நேரம் தருகிறது?

பைப்பர் ஜே-3 கப்பைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். மஞ்சள் நிறம், பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைத்தே பறக்கலாம், 65 குதிரைத்திறன், நடக்கும் வேகத்துக்குச் சற்று மேலே இறங்குவது போலத் தோன்றும். வேகம் குறைவு என்பதே அதன் பெரிய பாதுகாப்பு. ஆனால் தனியாகப் பறக்கும்போது பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். தரையில் மூக்கு உயர்ந்திருக்கும் நிலையில் அங்கிருந்து முன்னால் எதுவும் தெரியாது, இரண்டு ஓரங்களையும் பார்த்தே நேர்கோட்டை ஊகிக்க வேண்டும். பிரேக் குதிகாலால் அழுத்துவது, பலவீனமானது. பேர் பெற்றது என்பதால் விலையும் நியாயத்தைத் தாண்டி நிற்கிறது. அழகுக்குக் காசு கொடுக்க எனக்கு மனசில்லை. இளையவனுக்கு இருக்கிறது.

ஏரோன்கா சாம்ப், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கப்புக்குப் போட்டியாக வந்தது. அதே 65 குதிரைத்திறன், ஆனால் முன் இருக்கையில் உட்கார்ந்து தனியாகப் பறக்கலாம், மூக்குக்கு மேலே ரன்வே தெரியும். மூக்கு நகர்வதை ஒரு டிகிரியில் பார்ப்பவனுக்கும் ஐந்து டிகிரியில் பார்ப்பவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிரவுண்ட் லூப் என்பதால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பணம் இறுக்கமாக இருந்தால் சாம்ப். டெக்சஸ் கோடை வெயிலில் இரண்டு பெரிய மனிதர்களோடு ஏறுவதற்கு 65 குதிரைகள் ரொம்பவே முக்கும், அதுதான் குறை. ஏரோன்காவின் இன்னொரு விமானமான சீஃபை ஒட்டித்தான் பெங்களூரு எச்.ஏ.எல். 1958-இல் புஷ்பக் விமானத்தைச் செய்து இந்தியப் பறக்கும் மன்றங்களுக்குக் கொடுத்தது. அதுவும் வால்சக்கரம்தான். நம் ஊர்ப் பழைய விமானிகள் பலருக்கு இந்தக் கால் வேலை புதிதல்ல.

சிட்டாப்ரியா சாம்ப்பின் பேரப்பிள்ளை, 1964-இல் வந்தது. 'ஏர்பேட்டிக்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் பின்னிருந்து எழுதிப் பேர் வைத்தார்கள். முன் இருக்கை, நல்ல பார்வை, ஸ்டிக் (முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் கட்டுப்பாட்டுக் கோல்), கால்விரலால் அழுத்தும் ஒழுங்கான பிரேக், நூறும் அதற்கு மேலும் குதிரைத்திறன். நான் கற்றது இதில். என்னைச் சுழற்றப் பார்த்ததும் இதுதான், ஆனால் சுழற்றுவதற்கு முன் தெளிவாக அறிவித்தது. கேட்காதது என் தவறு.

செஸ்னா 140, 1946-இல் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், 85 குதிரைத்திறன். ஸ்டீவ் விட்மன் கண்டுபிடித்த ஸ்ப்ரிங் எஃகுக் கால்கள். நீடித்து உழைக்கும், ஆனால் வேகமாகத் தட்டினால் வில் போல் எகிற வைக்கும். எகிறிய விமானம் மறுபடி இறங்கும்போது நேராக இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதில் ஒரு சுவாரசியமான இழுபறி உண்டு. ஆரம்பகால 140-களில் பிரேக்கை முரட்டுத்தனமாக அழுத்தினால் மூக்குக் குத்திக் கவிழும் அபாயம் இருந்தது, அதற்காகச் சக்கரங்களைச் சில அங்குலம் முன்னால் தள்ளும் இணைப்புத் துண்டுகளை மாட்டினார்கள். கவிழ்வது குறைந்தது. ஆனால் சக்கரம் முன்னால் போகப் போக எடைமையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடுகிறது, அதாவது சுழலும் ஆசையும் கூடுகிறது. வால்சக்கர வடிவமைப்பு முழுக்கவே இந்தப் பேரம்தான்: மூக்குக் குத்தாமல் இருக்க வேண்டுமா, சுழலாமல் இருக்க வேண்டுமா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடு. அப்படிப்பட்ட துண்டு மாட்டிய 140 எங்கள் பார்வைக்கு வந்தது, விலையும் நன்றாக இருந்தது, வேண்டாமென்று சொன்னேன்.

லஸ்கோம்ப் 8ஏ, பேசர் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம். லஸ்கோம்ப் அழகான உலோக உடம்பு, குறைந்த குதிரைத்திறனில் நல்ல வேகம். பேசர் குடும்ப விமானம். இரண்டும் தரையில் சுறுசுறுப்பானவை என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது விற்பவர் மொழி. இருநூறு மணி நேர வால்சக்கர அனுபவம் உள்ளவருக்கு இரண்டுமே நல்ல பேரம், எங்களுக்கு அல்ல. செஸ்னா 170 மாட்டினால் யோசிக்கலாம். நீளமான உடம்பு இருப்பதால் நிதானமானது, நான்கு பேர் போகலாம். விலையைக் கேட்டதும் மூத்தவர் 172 பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

மூன்று புள்ளியா, இரண்டு சக்கரமா?

எந்த வாலை வாங்கினாலும் அடுத்து வரும் சண்டை இது. மூன்று சக்கரங்களும் ஒரே நேரத்தில் தொடும்படி மெதுவாக இறக்குவதா, வாலை உயர்த்தி முன் சக்கரங்களில் மட்டும் வேகமாக இறக்கிப் பின்னர் வாலைத் தாழ்த்துவதா? காற்றில்லாத நாளிலும் புல்லிலும் எனக்கு மூன்று புள்ளிதான். குறைந்த வேகம், குறைந்த ஆற்றல், வால்சக்கரம் முதல் கணத்திலிருந்தே தரையில். ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடித்திருந்தால் வால்சக்கரத்தின் மேல் எடை விழும், பெடலோடு ஸ்ப்ரிங்கால் இணைந்த அந்தச் சின்னச் சக்கரம் நீளமான உடம்பின் கடைசியிலிருந்து நல்ல பிடிப்புக் கொடுக்கும். ஸ்டிக் தளர்ந்தால் அந்தப் பிடிப்பும் தளரும். புதியவர்கள் நிறையப் பேர் சுழல்வது ஸ்டிக்கைத் தளர்த்திய அந்தக் கணத்தில்தான்.

குமுறும் காற்றில் முன்சக்கர இறக்கத்துக்கு ஆதரவாளர்கள் அதிகம். வேகம் இருப்பதால் ரடர் உயிரோடிருக்கும், ரன்வேயும் தெரியும். ஆனால் எப்படியும் ஒரு கட்டத்தில் வால் இறங்கியாக வேண்டும். ரடர் செத்துக்கொண்டிருக்கும், வால்சக்கரம் இன்னும் தொட்டிருக்காது. அந்த இடைவெளியில் உங்களைக் காப்பது கால் மட்டுமே. எதைச் செய்தாலும் குறுக்குக் காற்றில் ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கம் சாய்த்து, வேகம் குறையக் குறைய இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டும். காற்று வரும் பக்கத்து இறக்கை கீழேயே இருக்கும், மறுபக்க எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் ஆடும் தகடு) கீழிறங்கித் தரும் காற்றுத் தடை மூக்கைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலக்கியும் பிடிக்கும்.

தரை விஷயத்தில் சண்டையே இல்லை. புல்லில் டயர் பக்கவாட்டில் வழுக்கும், ஆகவே மேலே சொன்ன வட்டி மெதுவாகத்தான் ஏறும். கற்கும்போது புல், கற்ற பின் தார். எங்கள் பக்கத்து ரன்வேக்கள் பெரும்பாலும் வடக்கு-தெற்கு. தெற்குக் காற்று அடிக்கும் நாளெல்லாம் நமக்குத் திருவிழா, மேற்கே திரும்பிய நாளில் வீட்டில் தோசை சாப்பிடுவது உத்தமம்.

செலவையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வால்சக்கர விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்ட, பயிற்றுநர் உங்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே அப்படி ஓட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு. இத்தனை மணி நேரம் என்று விதி சொல்வதில்லை. சாதாரண, குறுக்குக் காற்று இறக்கங்களும், முன்சக்கர இறக்கமும், இறங்காமல் மேலே திரும்புவதும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. மணிக் கணக்குக் கேட்பவர்கள் காப்பீட்டு நிறுவனத்தார். வாங்கும் முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள். விமானத்தின் விலையில் மிச்சம் பிடித்ததை முதல் வருடப் பிரீமியத்தில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆக, என் ஓட்டு சிட்டாப்ரியாவுக்கு. அது கிடைக்காவிட்டால் சாம்ப். இளையவன் கப்புக்கு ஓட்டுப் போட்டிருக்கிறான், மூத்தவர் இன்னும் ஓட்டே போடவில்லை. ஆனால் போன சனிக்கிழமை ஒரு சிட்டாப்ரியாவைப் பார்க்கக் கூடவே வந்தார். பெயின்ட் பளபளவென்று இருந்தது. நான் பெயின்ட்டைப் பார்க்கவில்லை, வாலுக்குக் கீழே படுத்தேன். வால்சக்கரத்தின் இரண்டு ஸ்ப்ரிங்கும் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா, தேய்ந்த ஆணி எதாவது ஆடுகிறதா என்று பார்த்தேன். பிறகு முன்னால் வந்து, இரண்டு பெரிய சக்கரங்களும் நேராகப் பார்க்கின்றனவா என்று தரையில் நூல் பிடித்து அளந்தோம். சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருந்தால், திருப்பத்தில் எடை ஏறும் வெளிப்பக்கச் சக்கரம் திருப்பத்துக்கே துணைபோகும். கொஞ்சம் வெளிநோக்கி இருந்தாலும் பரவாயில்லை, உள்நோக்கி மட்டும் கூடாது. நேராகத்தான் இருந்தது. பதிவேட்டைப் புரட்டியபோது பல வருடங்களுக்கு முன் வலது இறக்கை முனையும் வலது சக்கரக்காலும் ஒரே மாதத்தில் மாற்றப்பட்டிருப்பது தெரிந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. விற்பவர் தனக்கு முந்தைய உரிமையாளர் காலத்து விஷயம் என்றார். மூத்தவர் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "இடப்பக்கம் சுத்தியிருக்கு" என்றார். உள்ளே ஸ்பாரில், அதாவது இறக்கையை நீளவாக்கில் தாங்கும் உத்தரத்தில், விரிசல் இல்லையென்று மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்துச் சொல்லட்டும் என்று முன்பணம் கொடுக்காமல் வந்திருக்கிறோம். அடுத்த வாரம் திறக்கிறார்கள்.